மண்டி ஹவுஸ் வரைக்கும்

தமிழ்நாடு எக்ஸ்பிரசில் டெல்லிக்குப் போகிறவர்களை ஏறிய அரை மணி நேரத்தில் இனம் பிரித்துவிடலாம். இரும்புப் பெட்டியை இருக்கைக்கு அடியில் தள்ளிச் சங்கிலி போட்டுப் பூட்டுகிறவர் விடுப்பு முடிந்து திரும்பும் ராணுவக்காரர். அரசியல் சாசனப் புத்தகத்தில் மஞ்சள் மார்க்கரால் கோடு இழுத்தபடி வருகிறவர் கரோல்பாகில் அறை எடுத்து ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிப்பவர். புளியோதரை மூட்டையும் இட்லிப்பொடி டப்பாவுமாக எட்டுப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு வந்தால் அது ஹரித்துவார், ரிஷிகேஷ் கோஷ்டி. கோடை மாதங்களில் எப்போதாவது இன்னொரு ரகமும் ஏறும். கழிவறைக்கும் கதவுக்கும் நடுவில் நின்றுகொண்டு, தண்டவாளச் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றி, எதிரில் ஆள் நிற்பதாக நினைத்துக் கையை நீட்டிப் பேசிக்கொண்டிருக்கும்.

அந்த ரகத்தைச் சேர்ந்த செய்யாறு பக்கத்து இளைஞர் ஒருவர், இரவு பத்து மணிக்குச் சென்ட்ரலில் வண்டி கிளம்பியதிலிருந்து இதையேதான் செய்துகொண்டிருந்தார். கூடூர் தாண்டியும் நிறுத்தவில்லை. காலையில் வாரங்கல் வந்தபோது ஹரித்துவார் கோஷ்டியின் மூத்த பெண்மணி பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்.

“ஏம்பா, ராத்திரி பூரா யாரையோ திட்டிக்கினே வந்தியே. உடம்புக்கு ஏதாச்சும்…?”

“அய்யோ, அதெல்லாம் இல்ல ஆயா. நாடக வசனம். டெல்லியில சொல்லிக் காட்டணும்.”

“வேஷம் கட்டறதுக்கா அவ்ளோ தூரம் போற? நம்மூர்ல கட்ட முடியாததா?”

“ஊர்ல கட்டிக்கினுதான் இருக்கேன் ஆயா. இது பள்ளிக்கூடம். சேரணும்னா பரீட்சை வெப்பாங்க.”

வேஷம் கட்டப் பள்ளிக்கூடம் இருக்கிறது என்பதை ஆயா நம்பியதாகத் தெரியவில்லை. புளியோதரைப் பொட்டலம் ஒன்று மட்டும் கைமாறியது.

அவர் போய்ச் சேரவேண்டிய இடம் தேசிய நாடகப் பள்ளி. நாடகக்காரர்கள் வாயில் அது என்.எஸ்.டி. 1959இல் சங்கீத நாடக அகாதமி தொடங்கிய இந்தப் பள்ளி 1975இல் தன்னாட்சி பெற்றது. மூன்று ஆண்டு முழுநேரப் படிப்பு, மாதாமாதம் உதவித்தொகை, ஆண்டுக்கு 32 இடம். அசாமிலிருந்தும் குஜராத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து மோதுகிறவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் இந்த 32. லண்டனில் 1904இல் தொடங்கிய ராடா என்ற நடிப்புப் பள்ளி, நடிப்புப் பட்டப்படிப்பில் ஆண்டுக்கு 28 பேரைச் சேர்த்து வந்திருக்கிறது. அந்த ஊரில் அதைப்போல வேறு பள்ளிகளும் உண்டு. ஒரு நகரத்தின் ஒரு பள்ளி எடுக்கும் அளவுக்குச் சற்றுக் கூடுதலாக, இத்தனை மொழிகள் பேசும் ஒரு நாடு எடுக்கிறது. கழித்துக் கட்டுவதற்காகவே தேர்வு வைக்கவேண்டிய நிலை.

முதற்கட்டத் தேர்வு சென்னை, பெங்களூர், கொல்கத்தா, குவாஹாட்டி என்று பல ஊர்களில் நடக்கும். அதில் தேறியவர்களை டெல்லிக்கு வரவழைத்து, சில நாட்கள் பட்டறை நடத்தி, பள்ளியின் ஆசிரியர்களும் வெளியிலிருந்து வரும் நாடக வல்லுநர்களும் உட்கார்ந்து பொறுக்கி எடுப்பார்கள். செய்யாறுக்காரர் சென்னைக் கட்டத்தைத் தாண்டியவர். மனப்பாடமாகச் சில நிமிட வசனம், ஒரு பாட்டு, கொஞ்சம் கேள்வி பதில் என்று சென்னையில் முடிந்துவிட்டது. மிஞ்சியது, சுமார் 2,180 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெரிய கட்டம்.

விண்ணப்பிக்க விதிகள் இருக்கின்றன. பட்டப்படிப்பு முடித்திருக்க வேண்டும். வயது 18க்கும் 30க்கும் இடையில். இந்தியும் ஆங்கிலமும் சமாளிக்கும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குறைந்தது ஆறு நாடகங்களிலாவது பங்கேற்ற அனுபவம் வேண்டும். இந்தக் கடைசி விதியில்தான் அவருக்கு வேடிக்கையான சிக்கல் வந்தது. பதினான்கு வயதில் கூத்துக்குள் வந்தவர் அவர். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் இரவு இரவாக ஆடியிருக்கிறார். வில் வளைப்பு, துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் எல்லாம் தனித்தனி நாடகமா, இல்லை ஒரே பாரதத்தின் பகுதிகளா? ஒரே நாடகம் என்றால் அவரிடம் இருப்பது ஒன்றுதான். தனித்தனி என்றால் படிவத்தில் இடம் போதாது. கல்லூரியில் நடித்த இரண்டு நவீன நாடகங்களை மேலே எழுதி, கூத்தில் நான்கை மட்டும் கீழே சேர்த்து, ஆறு என்று கணக்கை முடித்துவிட்டார்.

இந்த எண்ணிக்கை விதிக்குச் சுவையான வரலாறு உண்டு. முசாஃபர்நகர் மாவட்டத்துப் புதானாவிலிருந்து வந்த நவாசுதீன் சித்திக்கி, தகுதி வேண்டும் என்பதற்காகவே நண்பர்களோடு சேர்ந்து பத்துக்கும் மேற்பட்ட நாடகங்களில் நடித்துவிட்டுத்தான் விண்ணப்பித்தார். 1996இல் படித்து முடித்து வெளியே வந்தார். 1984இல் சேர்ந்த இர்ஃபான் கான் வேறு வழி பார்த்தார். நாடக அனுபவம் இருப்பதாகப் பொய் சொல்லித்தான் உள்ளே நுழைந்தேன் என்று அவரே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த இடத்தில் இன்னொரு பொய் நினைவுக்கு வரும். ஏழு வயதுச் சிறுவன் கணேசன், யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பெனியில் சேர்வதற்காகத் தன்னை அநாதை என்று சொன்னான். பாடச் சொன்னார்கள், பாடினான், எடுத்துக்கொண்டார்கள். சிவாஜி கணேசன் தன் சுயசரிதையில் இதை ஒளிக்காமல் சொல்கிறார். சேர்க்கைத் தேர்வில் பொய் சொல்லிவிட்டு, அந்தப் பொய்யை நம்பவைத்த திறமையாலேயே தேறிவிட்ட இந்த இருவரையும் யார் குறை சொல்ல முடியும்?

பாய்ஸ் கம்பெனி என்று நம்மவர்கள் சொன்ன அந்த அமைப்புதான் தமிழ்நாட்டின் பழைய நாடகப் பள்ளி. சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் நடத்திய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் 1918இல் சேர்ந்தவர்கள் டி.கே.எஸ். சகோதரர்கள். எம்.ஜி.ஆர். வளர்ந்தது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில். அங்கே தேர்வு என்றால் குரல். பையனுக்குச் சாரீரம் இருக்கிறதா, சுருதி நிற்கிறதா, பார்க்க லட்சணமா, அவ்வளவுதான். மற்றதை அடித்தும் அணைத்தும் வாத்தியார் சொல்லிக்கொடுத்துவிடுவார். சாப்பாடு, படுக்கை, பாடம் எல்லாம் கம்பெனியோடு. கர்நாடகத்தில் இதே பாணியில் இயங்கிய குப்பி வீரண்ணா கம்பெனிக்கு வீட்டை விட்டு ஓடிப்போய்ச் சேர்ந்த பையன் ஒருவர், பிறகு காசியில் படித்து, தேசிய நாடகப் பள்ளியில் 1962இல் தேறி, 1977இல் அதே பள்ளியின் இயக்குநராகவே ஆனார். பி.வி. காரந்த். கம்பெனிக்கும் கல்லூரிக்கும் நடுவில் பாலம் கிடையாது என்று பேசுகிறவர்கள் அவர் பெயரை மறந்துவிடுகிறார்கள்.

பல்லார்ஷாவில் வெயில் பெட்டிக்குள் இறங்கிவிட்டது. ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை. நாக்பூரில் மதியம் இரண்டு மணிக்கு எல்லாரும் தண்ணீர் பாட்டிலுக்கு ஓட, செய்யாறுக்காரர் பிளாட்பாரத்தில் இறங்கி அந்தச் சூட்டிலேயே கால்களை உதறி நான்கு அடவு போட்டுப் பார்த்துவிட்டு ஏறினார். ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் நின்று பார்த்தார். எதுவும் கேட்கவில்லை.

அவர் வசனம் எடுத்திருந்தது இந்திரா பார்த்தசாரதியின் ‘ஔரங்கசீப்’ நாடகத்திலிருந்து. ஷாஜகான் பேசும் இடம். கூத்துக்காரர் ஏன் முகலாயரைத் தேடிப் போனார் என்று கேட்டால், “டெல்லிக்குப் போறோம், டெல்லிக் கதையே சொல்லலாம்னுதான்” என்று சிரிக்கிறார். பொருத்தம் அவர் நினைத்ததைவிடக் கூடுதல். இந்திரா பார்த்தசாரதி டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர். அந்த நாடகத்தை இந்தியில் டெல்லி மேடைக்குக் கொண்டுபோன கே.எஸ். ராஜேந்திரன், தேசிய நாடகப் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியராகவும் இருந்த தமிழர். போபாலைத் தாண்டி, குவாலியர் போய், விடியலுக்கு முன் வண்டி ஆக்ராவைக் கடக்கும். மகனால் சிறைவைக்கப்பட்ட ஷாஜகான் 1658இலிருந்து 1666இல் சாகும்வரை அடைபட்டிருந்த கோட்டை அங்கேதான் இருக்கிறது. அந்த நேரத்தில் ஷாஜகானை மனப்பாடம் செய்தவர் மேல் படுக்கையில் நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மொழிதான் இந்தப் பயணத்தின் கனமான மூட்டை. சென்னையில் தமிழில் பேசிக் காட்டியாயிற்று. டெல்லியில் பயிற்சி நடப்பது இந்தியிலும் ஆங்கிலத்திலும். பள்ளியின் மேடையேற்றங்களில் பெரும்பாலானவை இந்தியில். தேசிய என்ற அடைமொழியோடு இருக்கும் பள்ளி, நடைமுறையில் இந்தி அரங்கத்தின் பள்ளியாகச் சாய்ந்துவிட்டது என்ற குறை தென்னிந்தியாவிலும் வடகிழக்கிலும் நெடுங்காலமாக உண்டு. குறை நியாயமானது. மூன்று வருடம் கழித்துத் தமிழ் மேடைக்குத் திரும்புகிறவர், இடைப்பட்ட காலத்தில் தன் மொழியின் உச்சரிப்பையும் வேகத்தையும் தானே தனியாக வளர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு அங்கே வாத்தியார் கிடையாது.

இதில் மணிப்பூரின் ஹெய்ஸ்நாம் கன்ஹையாலால் கதை எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. 1968இல் பள்ளியில் சேர்ந்த அவரால் படிப்பை முடிக்க முடியவில்லை; இந்தியும் ஆங்கிலமும் பெரிய தடையாக நின்றன. இம்பாலுக்குத் திரும்பி 1969இல் கலாக்ஷேத்ர மணிப்பூர் என்ற குழுவைத் தொடங்கினார். சொல்லைக் குறைத்து, உடலையும் மூச்சையும் ஒலியையும் நம்பும் அரங்கத்தை மனைவி சாபித்ரியோடு சேர்ந்து உருவாக்கினார். 2016இல் பத்ம பூஷண் தேடி வந்தது. மொழி தெரியாமல் வெளியே போனவர், மொழி தேவைப்படாத நாடகத்தோடு நாட்டின் முன்னால் நின்றார். அதே மணிப்பூரின் ரத்தன் தியாம் 1970களில் அங்கேயே படித்து முடித்து, ஊருக்குப் போய்க் குழு கட்டி, பிற்பாடு பள்ளியின் இயக்குநராகவும் இருந்தார். ஒரே மாநிலம், ஒரே பள்ளி, இரண்டு விதமான முடிவு.

பஞ்சாபி வழியில் படித்துவிட்டு 1970இல் சேர்ந்த ஓம் புரிக்கும் ஆங்கிலம் என்றால் உதறல். நசீருதீன் ஷா அவருடைய வகுப்புத் தோழர். ஆங்கிலப் பள்ளிகளில் படித்தவர். அந்த வகுப்பிலிருந்து இருவருமே வந்தார்கள் என்பதுதான் தேர்வுக்குழுவுக்குக் கிடைக்கவேண்டிய மதிப்பெண். தமிழ்நாட்டிலிருந்து 1960களில் போனவர் நாங்குநேரியில் பிறந்த சே. இராமானுஜம். பள்ளியில் கற்றதைத் தமிழுக்குத் திருப்பிக் கொண்டுவந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர். 1977இல் காந்திகிராமத்தில் ஜி. சங்கரப் பிள்ளையோடு சேர்ந்து அவர் நடத்திய நாடகப் பட்டறையிலிருந்துதான் தமிழ் நவீன நாடகக்காரர்களின் ஒரு தலைமுறையே கிளம்பியது. பிறகு திருச்சூர் நாடகப் பள்ளி, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் என்று கற்பித்துக்கொண்டே இருந்து 2016 டிசம்பரில் மறைந்தார்.

காலை ஆறரை மணிக்குப் புதுடெல்லி. மஞ்சள் தடத்தில் மெட்ரோ ஏறி ராஜீவ் சௌக்கில் மாறி, நீலத் தடத்தில் இரண்டாவது நிறுத்தம் மண்டி ஹவுஸ். இமாச்சலத்தில் இருந்த மண்டி சமஸ்தானத்து ராஜாவின் மாளிகை இருந்த இடம் என்பதால் அந்தப் பெயர். மாளிகை போய்விட்டது, தூர்தர்ஷன் தலைமையகமும் இமாச்சல் பவனும் நிற்கின்றன. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு, இன்றைக்கு மண்டி ஹவுஸ் என்றால் டெல்லிக்காரர்களுக்கு நாடகம் என்று அர்த்தம்.

ஒரு ரவுண்டானாவைச் சுற்றி இவ்வளவு மேடைகள் இந்தியாவில் வேறெங்கும் இருக்குமா என்பது சந்தேகம். கமானி அரங்கம், ஸ்ரீராம் சென்டர், திரிவேணி கலா சங்கம், மூன்று அகாதமிகளும் இருக்கும் ரவீந்திர பவன் எல்லாம் நடக்கும் தூரத்தில். ஸ்ரீராம் சென்டர் இருக்கும் சாலைக்கு சஃப்தர் ஹாஷ்மி மார்க் என்று பெயர். 1989 ஜனவரி முதல் நாள் சாகிபாபாதில் தொழிலாளர்கள் நடுவே வீதி நாடகம் போட்டுக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு, மறுநாள் உயிரிழந்தவர் ஹாஷ்மி. நாடகம் போட்டதற்காகக் கொல்லப்பட்ட ஒருவரின் பெயரைத் தாங்கிய சாலை வழியாகத்தான், நாடகம் படிக்க வருகிறவர்கள் டீ குடிக்கப் போகிறார்கள்.

பகவான்தாஸ் சாலையின் ஒரு முனை மண்டி ஹவுஸ். மறுமுனையில் உச்ச நீதிமன்றம். காலையில் அந்த வழியே கறுப்புக் கோட்டுகளும் கசங்கிய குர்தாக்களும் ஒன்றாக நடக்கும். நடுவே வருவது பகவல்பூர் ஹவுஸ், பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போன பகவல்பூர் சமஸ்தானத்து நவாபுக்காகக் கட்டிய மாளிகை. நாடகப் பள்ளி இயங்குவது அதில்தான். அபிமஞ்ச், சம்முக், பகுமுக் என்று அதன் அரங்குகளுக்குப் பெயர்.

இந்தப் பள்ளிக்கு இன்றைய முகத்தைக் கொடுத்தவர் இப்ராஹிம் அல்காசி. 1925இல் புனேயில் பிறந்தவர்; லண்டன் ராடாவில் படித்தவர்; 1962இல் முப்பத்தேழு வயதில் இயக்குநராகி 1977 வரை இருந்தார். 1963இல் ஃபிரோஸ் ஷா கோட்லாவின் இடிபாடுகளுக்கு நடுவே ‘அந்தா யுக்’ நாடகத்தை நிகழ்த்திக் காட்டினார். புராணா கிலாவில் ‘துக்ளக்’ போட்டார். நடிக்க வந்தவர்களை மேடையைப் பெருக்கவும் செட் அடிக்கவும் விளக்கு மாட்டவும் வைத்தார். இன்றும் சேருகிறவர்கள் எல்லாருக்கும் முதலாண்டு பொதுவானது. நடிப்பா, இயக்கமும் வடிவமைப்புமா என்று பிரிவது அதற்குப் பிறகுதான். நடிகனாக மட்டும் வந்தேன், ஆணி அடிக்க வரவில்லை என்று சொல்ல முடியாது. கூத்திலிருந்து வருகிறவருக்கு இது புதிதல்ல. கட்டை கட்டுவது, அரிதாரம் பூசுவது, திரை பிடிப்பது, பெட்டி தூக்குவது எல்லாம் அங்கே ஆடுகிறவர்களே செய்வதுதான்.

தேர்வு நடக்கும் அறைக்குள் வெளியாள் போக முடியாது. உள்ளே நடப்பதெல்லாம் சாயங்காலம் டீக்கடையில்தான் வெளியே வரும். கெட்டியான அந்தப் பால் டீயைச் சுற்றி நிற்கும் முகங்களில் ஒரு தேசப்படமே இருக்கும். லாரிகளில் மேடையையே ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் அசாமின் பிரம்யமான் நாடகத்தில் நடித்துவிட்டு வந்த பெண், டெல்லிக் கல்லூரி நாடகக் குழுவில் வீதி நாடகம் போட்ட இன்னொரு பெண், பாட்னாவிலிருந்து மறுபடியும் வந்திருக்கும் தாடிக்காரர், நம் செய்யாறுக்காரர். இவருடைய இந்திக்கும் அசாமியப் பெண்ணின் இந்திக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு ஓட்டை என்பதால் இருவரும் சரளமாகப் பேசிக்கொண்டார்கள்.

காலையில் உடற்பயிற்சி, குரல் பயிற்சி. பிறகு குழுக்களாகப் பிரித்து, அந்த இடத்திலேயே ஒரு சூழலைச் சொல்லி நடிக்கச் சொல்வது. பாட்டு, தாளம். தனியே கூப்பிட்டு நேர்காணல்: எந்த நாடகம் பார்த்தாய், என்ன படித்தாய், ஏன் இங்கே. தயார் செய்துகொண்டு வந்த வசனத்துக்கு அங்கே கொஞ்ச நேரம்தான். அதையும் சொல்லி முடித்தவுடன் கலைக்கச் சொல்கிறார்கள். சோகமாகச் சொன்னதைச் சிரித்துக்கொண்டு சொல். நின்று சொன்னதை ஓடிக்கொண்டு சொல். ராஜா பேசியதைக் காய்கறிக் கடைக்காரன் பேசட்டும். மூன்று மாதம் கண்ணாடி முன் பழுக்கவைத்த வசனம் இரண்டு நிமிடத்தில் உதிர்ந்துபோகிறது. அந்த உதிர்வைப் பார்ப்பதற்குத்தான் குழு உட்கார்ந்திருக்கிறது. திறமை எவ்வளவு இருக்கிறது என்பதைச் சென்னையிலேயே பார்த்துவிட்டார்கள். சொன்னால் மாறுகிறானா, மாறும்போது கோபம் வருகிறதா, பக்கத்தில் நடிப்பவனை விழுங்கப் பார்க்கிறானா, தன் முறை இல்லாதபோது என்ன செய்கிறான் என்பவைதான் டெல்லியில் தெரியவேண்டியவை. பல நாட்கள் வைத்திருந்து பார்ப்பதன் நியாயம் இதுதான். ஒரு மணி நேரம் நல்ல பிள்ளையாக நடிக்க யாராலும் முடியும்.

செய்யாறுக்காரரை ஷாஜகான் காப்பாற்றவில்லை. கூத்து தெரியும் என்று படிவத்தில் பார்த்துவிட்டு அதைக் காட்டச் சொன்னார்கள். துகில் உரியும் துச்சாதனனை எடுத்தார். புஜக்கட்டையும் கிரீடமும் இல்லை, முகவீணையும் பின்பாட்டும் இல்லை; வாயால் தாளம் சொல்லிக்கொண்டே சுழன்று ஆடி முடித்தார். கைதட்டினார்களாம். பிறகுதான் வந்தது. அதே துச்சாதனனை நாற்காலியில் உட்கார்ந்து, கையை அசைக்காமல், எதிரில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் குரலில் பேசச் சொன்னார்கள்.

“ஒண்ணுமே வரல சார். கை ரெண்டும் எங்க வெக்கறதுன்னே தெரியல. காலு மட்டும் கீழ தாளம் போட்டுக்கினே இருக்குது.”

டெல்லிப் பெண்ணுக்கு நடந்தது நேர் எதிர். சின்னக் குரலில், சினிமாவுக்கு ஏற்ற அளவான நடிப்போடு வந்தவரைத் திறந்தவெளியில் நிறுத்தி, கடைசி மரத்தடியில் நிற்பவருக்குக் கேட்கும்படி பேசச் சொல்லியிருக்கிறார்கள். தொண்டை கட்டிப்போய் வெந்நீரோடு நின்றிருந்தார்.

இருவரிடமும் கேட்டது ஒரே கேள்விதான்: உன்னிடம் இல்லாததைத் தொடுவாயா? பள்ளிக்கூடம் என்ற வகையில் இது சரி. பாதி வெந்ததைத்தான் சமைக்க முடியும். ஆனாலும் இதில் ஒரு கோணல் இருக்கிறது. சிறு வயதிலிருந்து இரவு முழுக்க ஆடி, பாடி, நான்கு திசையும் உட்கார்ந்திருக்கும் ஊரைத் தன் குரலாலேயே பிடித்து வைக்கும் கூத்துக்காரர் ஏற்கெனவே ஒரு முழுப் பள்ளியில் படித்து வந்தவர். அவருடைய முழுமையே தேர்வில் அவருக்குத் தடையாகிவிடும் வாய்ப்பு உண்டு. இதற்கு மறுதிசையில் போனவர் ந. முத்துசாமி. செய்யாறுக்கு அந்தப் பக்கத்துப் புரிசை கிராமத்து நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்து வியந்து, நவீன நடிகன் இங்கிருந்துதான் கற்கவேண்டும் என்று முடிவு செய்து 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். பசுபதியும் கலைராணியும் வந்தது அந்த வழியில். இந்திரா பார்த்தசாரதி புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நாடகப் பள்ளியை நிறுவினார். தேசிய நாடகப் பள்ளியே பெங்களூரில் ஓராண்டுப் படிப்பு நடத்துகிறது. டெல்லி ஒன்றே வாசல் என்று யாரும் சொல்லவில்லை. உதவித்தொகையும் பெயரும் மூன்று முழு வருடமும் அந்த வாசலில் கிடைக்கின்றன என்பதுதான் விஷயம்.

பாட்னா தாடிக்காரரிடம் தோல்வியைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே இரண்டு பெயர்களைச் சொல்லிவிடுகிறார். இரண்டும் பீகார்க் கிராமத்து விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்தவை. பெல்வாவின் மனோஜ் பாஜ்பாய் இந்தப் பள்ளியால் மூன்று முறை நிராகரிக்கப்பட்டவர். நாடக ஆசிரியர் பேரி ஜானிடம் பயிற்சி எடுத்து மேலே வந்தார். கோபால்கஞ்ச் பக்கத்துப் பங்கஜ் திரிபாதி, பாட்னாவில் இரவில் ஓட்டல் சமையலறையில் வேலை, பகலில் நாடகம் என்று ஓட்டி, விடாமல் விண்ணப்பித்து 2001இல் இடம் பிடித்தார். இந்தக் கதைகள் டீக்கடையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. சொல்லப்படாதவை ஏராளம். நிராகரிக்கப்பட்டு, ஊருக்குப் போய், பள்ளி ஆசிரியராகவும் மருந்து விற்பனைப் பிரதிநிதியாகவும் ஆகி, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஒத்திகைக்கு வருகிறவர்களைப் பற்றி யாரும் பேட்டி எடுப்பதில்லை. மாவட்டத் தலைநகரங்களில் நாடகம் இன்னும் உயிரோடு இருப்பது பெரும்பாலும் அவர்களால்தான்.

பட்டறை முடிந்த சாயங்காலம் வெளியே நாற்பது டிகிரிக்கு மேல் காய்ந்தது. முடிவு பிறகுதான் வரும். அசாமியப் பெண் அன்று இரவே வண்டியேற வேண்டும். தாடிக்காரர் பெங்காலி மார்க்கெட்டில் எல்லாருக்கும் சோலே பட்டூரே வாங்கித் தருவதாகக் கிளம்பினார். செய்யாறுக்காரரின் போன் அடித்தது. கூத்து வாத்தியார். ஸ்பீக்கரில் போட்டாலும் போடாவிட்டாலும் அவர் குரல் சாலைக்கே கேட்கும்.

“முடிஞ்சுதாடா?”

“முடிஞ்சுது வாத்தியாரே.”

“இன்னா கேட்டாங்க?”

“துச்சாதனனை ஆடச் சொன்னாங்க. அப்பறம் நாற்காலில உக்காந்து மெதுவா பேசச் சொன்னாங்க.”

“துச்சாதனனா? உக்காந்தா?”

“ஆமா.”

“துகில் உரியறவன் எதுக்குடா உக்காரப் போறான்? நீ கேக்கலையா?”

“கேக்கக் கூடாது வாத்தியாரே. செய்யணும்.”

“செஞ்சியா?”

“மொதல்ல வரல. மூணாவது வாட்டி ஏதோ வந்துச்சு. அவங்களுக்கு வந்துச்சா இல்லையான்னு தெரியல.”

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“செரி, வெள்ளிக்கெழம நம்மூர்ல துகில். வந்துடுவ இல்ல?”

“டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்குது. எப்படியும் வந்துடறேன்.”

“வா. வந்து அந்த உக்காந்து பேசறத எனக்கு ஒரு வாட்டி செஞ்சு காட்டு, பாக்கறேன். அப்பறம் கட்டையக் கட்டிக்கினு நின்னு ஆடு.”